குளிர்காலத்து ஐராவதியில் படகு ஏறும் முன்

பர்மாவில் ஆற்றுப் பயணத்துக்கு நல்ல காலம் எது என்று ரங்கூன் தமிழர்களைக் கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்லும் பதில் மார்கழியும் தையும். மழை இல்லை, புயல் இல்லை, வெயில் சுடுவதில்லை, ஆறும் அடங்கி ஓடுகிறது. பொங்கலை ஒட்டி உறவினர் வீட்டுக்கும் கோயிலுக்கும் போகிறவர்களும் சரி, மாந்தளைக்கு மேலே ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற பழைய ஆசையைத் தீர்த்துக்கொள்கிறவர்களும் சரி, இந்த மாதங்களில்தான் மூட்டை கட்டுகிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: மேலே குளிர் எப்படி இருக்கும், கம்பளி எத்தனை வேண்டும்?

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்டாக வேண்டியவை இரண்டு. ஆற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? காலையில் மூடுபனி எத்தனை மணிக்கு விலகுகிறது? குளிர்கால ஐராவதி பயணியிடம் கேட்பது நேரத்தைத்தான். அதைக் கொடுக்க மனமில்லாமல் விரட்டிக்கொண்டு போகும்போதுதான் அது ஆபத்தான ஆறாகிறது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை ஆற்றின் போக்கிலிருந்தே விளக்க வேண்டும்.

முதலில் குளிர். ஜனவரி இரவுகளில் ரங்கூனில் வெப்பநிலை சராசரியாக 18 டிகிரி அளவில் நிற்கும். மாந்தளையில் அது 13 டிகிரிக்கு இறங்கும். காச்சின் மாநிலத்தின் மிச்சினாவில் 10 டிகிரியை ஒட்டி வரும். எண்களாகப் பார்த்தால் இது பெரிய குளிராகத் தெரியாது. ஆற்றின் மேல் இரவைக் கழிப்பவருக்கு அது வேறு கணக்கு. மேகமில்லாத வானம் நிலத்தின் சூட்டை மறைப்பில்லாமல் இழுத்துக்கொள்கிறது. மலைச் சரிவுகளில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தாக்கின் அடிக்கு வழிந்து வருகிறது. அந்த அடியில்தான் ஆறு ஓடுகிறது. படகு ஓடும் வேகமே காற்றாகி முகத்தில் அடிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேல்தட்டில் பாய் விரித்துப் படுப்பவரின் முதுகுக்குக் கீழே இருப்பது இரும்புத் தகடு. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தத் தட்டில் படுத்தால் நன்றாகவே விளங்கும். மேலே போர்த்தும் இரண்டாவது கம்பளியைவிடக் கீழே விரிக்கும் தடித்த பாய் அதிகம் உதவும்.

அதே நாளின் மதியத்தில் மாந்தளைப் பக்கம் வெப்பநிலை 30 டிகிரியைத் தொடும். ஒரே நாளுக்குள் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருப்பதால், ஒரு கனத்த கோட்டை நம்பிப் போவதைவிட ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய துணிகளே நல்லது. காதை மூடும் துணி கட்டாயம் வேண்டும். குளிருக்கு இவ்வளவு போதும். அது தாங்கிக்கொள்ளக்கூடியது.

மூடுபனியிடம் அந்த இணக்கம் கிடையாது. ஐப்பசியோடு மழை ஓய்ந்தாலும் மண்ணிலும் வயலிலும் ஈரம் நிறைய மிச்சமிருக்கும். இரவு நீண்டு, காற்று அசையாமல் நின்று, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்ததும் அதிலுள்ள ஈரம் துளித் துளியாகத் திரண்டு நிற்கும். ஆற்றின் மேல் இன்னொரு வகையும் இதோடு சேரும். நள்ளிரவுக்குப் பின் ஆற்று நீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. அதிலிருந்து எழும் ஆவி குளிர்காற்றைத் தொட்டதும் வெண்புகையாக மாறுகிறது. இரண்டும் கலக்கும் இடங்களில், குறிப்பாக ஐராவதியில் வந்து கலக்கும் சிந்துவின் (Chindwin) என்ற ஆற்றின் பள்ளத்தாக்கிலும், மேல் ஐராவதிக் கரையூர்களான கத்தா, பாமோ, மிச்சினாப் பக்கத்திலும், படகின் முனையில் நிற்பவருக்கே தண்ணீர் தெரியாது.

இதில் பயணிகள் பலருக்கும் தெரியாத ஒரு நுட்பம் உண்டு. பொழுது விடிந்தால் பனி விலகிவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் சூரியன் எழும் நேரத்திலும் அதற்குப் பின் ஒரு மணி நேரம் வரையிலும்தான் அது மிக அடர்த்தியாக இருக்கும். இரவின் குளிர் முழுவதும் சேர்ந்து உச்சத்துக்கு வருவது அப்போதுதான். முதல் வெயில் மேல்காற்றை இலேசாகக் கலைக்கும்போது, கரையோரம் தேங்கியிருந்த பனியும் ஆற்றின் நடுவுக்கு நகர்ந்து வரும். ஒன்பது மணி, சில நாள் பத்து மணி வரையிலும் அப்படியே கிடக்கும். ஆறு மணிக்குப் புறப்படுவதாகச் சீட்டில் எழுதியிருந்தும் ஒன்பது மணி வரை படகு கரையில் கட்டிக் கிடந்தால், அந்தப் படகோட்டி தன் வேலையைத் தெரிந்தவர். அவரிடம் சண்டைக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. டிக்கெட் வாங்கிய உரிமையில் பேசுகிறார்கள். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் எதிரே மரத்தெப்பம் ஒன்று வருகிறதா என்பது யாருக்கும் தெரியாது. தேக்கு மரமும் மூங்கிலும் கட்டிய தெப்பங்கள் நீரோட்டத்தோடு மிதந்து வருபவை. அவற்றில் எஞ்சின் சத்தம் கிடையாது, நினைத்தவுடன் விலகவும் முடியாது.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். குளிர்காலப் பயணத்தின் உயிர்நாடி இதுதான்.

மிச்சினாவுக்கு வடக்கே மாலி, நமாய் என்ற இரண்டு ஆறுகள் கூடும் மிச்சோனில் பிறந்து, ஏறத்தாழ 2,170 கிலோமீட்டர் ஓடி, அந்தமான் கடலில் விழுகிறது ஐராவதி. ஆடி, ஆவணியில் அது கரைபுரளும். டெல்டாவை நெருங்கும் இடத்தில் பெருவெள்ளத்தின் உச்சத்தில் நொடிக்கு 32,000 கன மீட்டருக்கு மேல் பாயும் ஆறு, வறண்ட மாதங்களில் 2,300 கன மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாந்தளையில் உச்ச மட்டத்துக்கும் தாழ்ந்த மட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய 10 மீட்டர் வேறுபாடு. கார்த்திகையிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஆறு இறங்கிக்கொண்டே போய் மாசியில் அடியைத் தொடும். பிறகு வடக்கே மலைப்பனி உருகத் தொடங்கும்போதுதான் மெல்ல ஏறும்.

தண்ணீர் குறைந்தால் ஆறு எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஆழம் குறைவதில்லை. வளைவுகளில், வெளிக்கரையை ஒட்டி, ஆறு தன் படுகையை ஆழமாகக் குடைந்து வைத்திருக்கிறது. அங்கே குளிர்காலத்திலும் ஆழம் நிற்கும். சிக்கல் இருப்பது ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு நீரோட்டம் கரை மாறும் இடத்தில். மழைக்கால வெள்ளம் தான் சுமந்து வந்த மணலை அங்கேதான் இறக்கிவிட்டுப் போயிருக்கும். வடிந்த பிறகு அந்த மணல்மேட்டின் மேல் ஒரு மெல்லிய தண்ணீர்ப் பரப்பு மட்டும் மிஞ்சும். ஒரு மைல் அகலத்துக்கு ஆறு விரிந்து கிடக்க, படகு போகக்கூடிய பாதை ஒரு வண்டிப்பாதை அளவுக்கு எங்கோ ஓர் ஓரத்தில் ஓடும். போன வாரம் இடக்கரையில் இருந்த பாதை இந்த வாரம் நடுவுக்கு வந்திருக்கும். அதனால் குளிர்காலத்தில் வரைபடத்தைவிட நேற்று அந்த வழியே வந்த படகோட்டியின் வாய்மொழிக்கே மதிப்பு அதிகம்.

மலையிடுக்குகளைப் பற்றிய பயமும் இங்கே தலைகீழாகிறது. பாமோவுக்குக் கீழே இரண்டாம் இடுக்கில் சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாக எழுந்து ஆற்றை நெருக்குகின்றன. அங்கே ஒரு பாறையில் கிளியின் தலையை வண்ணம் தீட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் அதன் அலகைத் தொட்டால் அந்த வழியே போகக் கூடாது என்பது பழைய எச்சரிக்கை. அது வெள்ளக்காலத்துக்கு உரியது. குளிர்காலத்தில் அந்த இடுக்கு ஆழமாகவும் அமைதியாகவும் இருக்கும். பாமோவுக்கு மேலே உள்ள முதல் இடுக்கோ, வெள்ளத்தில் மூடிக் கிடந்து, தண்ணீர் வடிந்த பிறகே சிறு படகுகளுக்குத் திறக்கிறது. பார்க்க அச்சமூட்டும் பாறை வழிகள் இந்தப் பருவத்தில் எளியவை. அகன்று விரிந்து, வெயிலில் மினுங்கி, குழந்தைகளும் இறங்கி விளையாடலாம் போலத் தோன்றும் பரப்புகள்தான் படகைப் பிடித்து நிறுத்துகின்றன.

அந்தப் பரப்புகளில் படகு நுழையும்போது முன்முனைக்குப் போய் நின்று பாருங்கள். கையில் நீண்ட மூங்கில் கழியோடு ஓர் இளைஞர் நிற்பார். கழியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டியிருக்கும். அதைச் சற்றே முன்னோக்கி வீசித் தண்ணீரில் குத்துவார். படகு முன்னேறும்போது கழி நிமிர்ந்து நேராகும். அந்த நொடியில் தண்ணீர் எந்தப் பட்டையில் நிற்கிறது என்று பார்த்து, குரலை உயர்த்தி ஆழத்தைச் சொல்லுவார். உடனே உருவி மறுபடி வீசுவார். சுக்கான் பிடிப்பவர் அவரைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அவர் கண் தண்ணீரின் மேற்பரப்பில் இருக்கும்: எங்கே சிற்றலை நெளிகிறதோ அங்கே மணல், எங்கே வழவழப்பாக இழுத்துக்கொண்டு ஓடுகிறதோ அங்கே ஆழம். காது மட்டும் அந்தக் குரலில். ஆழம் குறையக் குறையக் குரல் வேகமாகும். எஞ்சின் தணியும். பயணிகளின் பேச்சும் தானாக நின்றுவிடும்.

படகு தரைதட்டினால் என்ன ஆகும் என்பது அது எந்தத் திசையில் போகிறது என்பதைப் பொறுத்தது. நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறும் படகு மணலில் ஏறினால், எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டியதும் ஆறே அதைப் பின்னால் தள்ளி விடுவிக்கும். கீழ்நோக்கி வரும் படகு ஏறினால், பின்னாலிருந்து வரும் தண்ணீர் அதை இன்னும் மணலுக்குள் அழுத்தும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் இறங்கும் பயணத்தில் வேகத்தைக் குறைக்கிறார்கள். கீழே போகிற படகுதானே, சீக்கிரம் போய்விடும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நங்கூரத்தைச் சிறு படகில் எடுத்துப்போய் ஆழமான இடத்தில் போட்டு, அந்தக் கயிற்றை இழுத்து இழுத்துப் படகை நகர்த்துவது அடுத்த வழி. அதுவும் பலிக்காவிட்டால், வடிந்துகொண்டிருக்கும் ஆற்றில் நாளைக்கு இன்றைவிடத் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும். சரக்கை இறக்கி எடையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பனியும் வடிநீரும் சேர்ந்துதான் இருட்டில் ஓடக் கூடாது என்ற வழக்கத்தை உண்டாக்கின. பொழுது சாயும்போது கரையில் கட்டிவிட்டு, காலையில் பனி விலகிய பிறகு கிளம்பும் படகுக்கு ஓடக் கிடைப்பது எட்டு மணி நேரம், மிஞ்சினால் ஒன்பது மணி நேரம். மழைக்காலத்துப் பயண நாட்களை வைத்துக் குளிர்காலத் திட்டம் போட்டால் அது உடையத்தான் செய்யும்.

இந்த ஆற்றைக் குளிர்காலத்திலும் திறந்து வைத்திருக்க ஒரு காலத்தில் பெரிய ஏற்பாடே இருந்தது. 1865-இல் தொடங்கிய ஐராவதி புளோட்டில்லா கம்பெனி, 1920-களின் இறுதியில் 600-க்கும் மேற்பட்ட கலங்களோடு ஆண்டுக்கு 90 லட்சம் பயணிகள் அளவில் ஏற்றிச் சென்றது. ரயில் 1877-இல் புரோமுக்கும் 1889-இல் மாந்தளைக்கும் வந்த பிறகும் ஆறு தன் இடத்தை இழக்கவில்லை. அந்தக் கப்பல்களில் பெரியவை 326 அடி நீளம். அடிப்பகுதி தட்டையாக, குறைந்த ஆழத்தில் மிதக்கும்படி கட்டப்பட்டவை. சிந்துவின் போன்ற ஆழம் குறைந்த ஆறுகளுக்குப் பின்புறம் சக்கரம் வைத்த சிறிய கலங்கள். கலத்தை நடத்தும் சாரங்குகளும் மாலுமிகளும் பெரும்பாலும் சிட்டகாங் பகுதியினர். ஒவ்வொரு நீட்சிக்கும் அந்தப் பகுதியை அறிந்த வழிகாட்டிகள் தனியாக ஏறி இறங்குவார்கள். மணல்மேடு பாதையை அடைக்கும் இடங்களில் மூங்கில் நட்டு, பாய்த் தட்டிகளைச் சாய்வாகக் கட்டுவார்கள். சிதறி ஓடும் தண்ணீரை அந்தத் தட்டிகள் ஒரே பாதைக்குள் ஒதுக்கும். ஒதுங்கிய தண்ணீர் வேகம் பிடித்துத் தானே மணலை அரித்துப் பாதையை ஆழமாக்கும். மூங்கிலும் பாயும் கொண்டு ஆற்றை வைத்தே ஆற்றைத் தோண்ட வைக்கும் இந்த உத்தியை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை.

நம்மவர்களுக்கும் இந்தப் பருவத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கீழ்ப் பர்மாவில் நெல் அறுவடை மார்கழியை ஒட்டி வருவது. அறுவடைக்கும், அதைத் தொடர்ந்து ஆலைகளில் வேலைக்கும், தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் தொழிலாளர்கள் ஆண்டுதோறும் கடல் கடந்து வந்தார்கள். ரங்கூன் துறையில் இறங்கி, டெல்டாவின் கால்வாய்களில் படகேறி, பியாபோன், பாசின் பக்கத்து வயல்களுக்குப் போனார்கள். செட்டியார்களின் கடன் கணக்கும் அறுவடையோடுதான் ஓடியது. ஆக டெல்டாவின் நீர்வழிகள் ஆண்டிலேயே அதிகம் நெரிசல் கண்ட காலம் இந்தக் குளிர்காலம்தான். 1942-இல் ஜப்பானியர் நெருங்கியபோது அந்த ஏற்பாடு முழுவதும் சிதைந்தது. மொன்யுவாவிலிருந்து சிந்துவின் ஆற்றில் கலேவா வரை கலங்களில் ஏறி, அங்கிருந்து தாமு வழியாக மணிப்பூருக்கு நடந்த இந்தியர் கூட்டத்தில் தமிழர்களும் இருந்தார்கள். கப்பல்கள் பகைவர் கையில் சிக்கக் கூடாது என்று கம்பெனியே தன் கலங்களை நூற்றுக்கணக்கில் ஆற்றில் மூழ்கடித்தது. விடுதலைக்குப் பின் 1948-இல் அது அரசுடைமையானது.

டெல்டாவில் குளிர்காலத்தின் முகம் வேறு. ரங்கூன் ஆற்றையும் ஐராவதியையும் இணைக்கும் 35 கிலோமீட்டர் துவாந்தே கால்வாய் வழியே போகிறவர்களுக்கு மணல்மேட்டைவிடக் கடலின் ஏற்றவற்றமே முக்கியம். ரங்கூனில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஓதங்களில் நீர்மட்ட வேறுபாடு 5 மீட்டரைத் தாண்டும். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். காவடி எடுக்கக் கோயிலுக்குப் போகிற நாளில்தான் கால்வாய்களில் வற்றம் மிக ஆழமாக இறங்கும், நீரோட்டம் மிக வேகமாக இழுக்கும். நம் வீட்டுப் பஞ்சாங்கமே இதைச் சொல்லிவிடுகிறது. சிறு கால்வாயில் வற்றத்தில் மாட்டிய சம்பான் என்ற சிறு படகு அடுத்த ஏற்றம் வரும் வரை ஏறத்தாழ ஆறு மணி நேரம் சேற்றில் உட்கார்ந்திருக்கும். வைக்கோல் எரிக்கும் புகை காலைப் பனியோடு கலக்கும் நாட்களில், ரங்கூனுக்கு எதிர்க்கரையில் உள்ள தலா (Dala) என்ற ஊருக்குப் போகும் படகும் நின்று நின்றுதான் போகும்.

பயணியின் கையில் இருக்கும் சில காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். மேல் ஆற்றில் பல ஊர்களுக்கு நிலையான படகுத்துறை கிடையாது. தண்ணீர் வடியும்போது கரையும் நீண்டுகொண்டே போவதால், படகு மூக்கைக் கரையில் முட்டி நிறுத்திப் பலகை போடுவார்கள். இரண்டு பேர் ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதுதான் கைப்பிடி. விடியற்காலையில் அந்தப் பலகை பனியில் நனைந்து பாசியைப் போல வழுக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுமையைப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு இறங்குங்கள். வயதானவர்களை வெளிச்சம் வந்த பிறகு இறக்குங்கள்.

குளிருக்குப் பயந்து மூடிய அறைக்குள் கரி அடுப்பை மூட்டி வைப்பது உயிருக்கு ஆபத்து. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆள் போய்விடும். குளிர்காக்கத் தார்ப்பாயை நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டும்போதும், எஞ்சின் புகை உள்ளே சுழல்கிறதா என்று பாருங்கள். போர்த்திய கம்பளியை உயிர்காப்பு அங்கிக்கு உள்ளே சேர்த்துக் கட்டாதீர்கள், அங்கிக்கு மேலே தளர்வாகப் போர்த்துங்கள். நனைந்த கம்பளி கனத்துக் கீழே இழுக்கும், அதை நொடியில் உதற முடிய வேண்டும். தண்ணீர் உடலின் சூட்டை அதே வெப்பநிலையில் உள்ள காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கொண்டுபோகும். நீச்சல் தெரிந்தவரின் கைகால்களும் சீக்கிரம் மரத்துப்போகும்.

எல்லாவற்றையும்விட, ஆள் நிறைந்த படகில் ஏறாதீர்கள். 2016 அக்டோபரில் சிந்துவின் ஆற்றில், கனி என்ற ஊரின் அருகே, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு ஒன்று மூழ்கி 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த படகுக்குக் காத்திருந்தால் ஒரு நாள் போயிருக்கும், அவ்வளவுதான்.

இன்றைய நிலையில் பயணம் இன்னும் கடினமாகியிருக்கிறது. 2021-க்குப் பிறகு நடக்கும் சண்டையால் மாந்தளைக்கு மேலேயும் சிந்துவினிலும் பயணிகள் படகுகள் பல பகுதிகளில் நின்றுவிட்டன. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில், 1934-இல் கட்டி 1954-இல் மீண்டும் எழுப்பிய பழைய சகாயிங் பாலம் ஆற்றுக்குள் சரிந்தது. மேல் ஆற்றில் தங்கம் எடுக்கத் தோண்டிக் கொட்டும் மண்ணும் சரளையும் படுகையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. வெள்ளக்காலத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்தக் குவியல்கள் குளிர்காலத்தில்தான் படகின் அடியில் உரசுகின்றன. மிச்சோனில் திட்டமிட்ட பெரிய அணை 2011 செப்டம்பர் 30 அன்று நிறுத்தி வைக்கப்பட்டது. அதை மீண்டும் கையில் எடுக்கும் பேச்சு வரும்போதெல்லாம் மின்சாரமும் மீன்வளமும் பேசப்படுகின்றன, பேச வேண்டியவைதான். ஆனால் அணை மணலைத் தடுத்து, தண்ணீரை மின்தேவைக்கு ஏற்ப விட்டு விட்டு நிறுத்தினால், மாசி மாதத்தில் கழியோடு முன்முனையில் நிற்பவர் நேற்றைய ஆழத்தை நம்ப முடியாது. இன்றைக்குக் குளிர்கால ஐராவதி வாரத்துக்கு வாரம் இறங்குகிறது. அப்போது அது மணிக்கு மணி ஏறி இறங்கும். அந்த விவாதத்தில் படகோட்டிகளையும் அழைத்து உட்கார வைக்க வேண்டும்.